கம்ப்ரசருக்குள் கறுத்த தேள்

கொட்டாஞ்சேனை,
வெள்ளிக்கிழமை.

ஹெந்தளையில் உடைந்த காலைத் தலையணைமேல் ஏற்றிவைத்து அரசாளும் அன்பு ஒஸ்வால்ட் மாமாவுக்கு, மருமகன் கிளெமென்ற் முழங்காலில் நின்று எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உங்கள் ஐஸ்கிறீம் கடையும் சுகம், இன்றைக்கு.

நேற்றுக் காலை சுகமில்லை. ஐஸ்பெட்டியின் கம்ப்ரசர் கரகரவென்று இருமிவிட்டு நின்றது. நாளை றோஸி அக்காவின் கலியாணம். அதற்கான ஐஸ்கிறீம் முழுவதும் உள்ளே. ஓடிப்போய் மெஷின் திருத்தும் சோமே பாஸைக் கூட்டிவந்தேன். அவர் கழற்றிப் பார்த்து, "தெல் களு வெலா" என்றார். சிங்களத்தில் எண்ணெய் கறுத்துப்போச்சு என்று அர்த்தம். சூடு ஏறினால் அப்படித்தானாம். மாற்றாமல் ஓட்டினால் மெஷின் இறுகிவிடுமாம். ஆனால் உங்கள் அரசி, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதமேயான றஞ்சிதம் மாமி, "என்னடா, தேளோ? களு எண்டால் கறுப்பெல்லோ?" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை மாமா. "ஓம் மாமி, உள்ளுக்குத்தான் இருக்கு. எல்லாக் கம்ப்ரசருக்குள்ளையும் இருக்குமாம். பழசை வடிச்சுப்போட்டு ஒரு டின் புதுசு விடுவாராம்" என்றேன். "புதுசும் விடுறதோ!" என்று மாமி மேசைமேல் ஏறிவிட்டார். "அதின்ரை குஞ்சுகள் மூலைமுடுக்கெல்லாம் இருக்கும். கடையைக் கழுவிக் காட்டு, பிறகுதான் டின்னைத் திறக்க விடுவன்." "மாமி, பகிடி! தெல் எண்டால் எண்ணெய்!" "நீ சொல்லி நான் நம்பவோ?" பாஸோ, திறந்த டின் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும், பிறகு அந்த எண்ணெய் உதவாது என்று மூடிய டின்னை மடியில் வைத்துக்கொண்டு பிளேன்ரீ குடித்தார். உள்ளே ஐஸ்கிறீம் இளகத் தொடங்கியிருக்கும். அக்காவின் கலியாணத்தில் அதைக் கரண்டியை விட்டுக் குழாயால் உறிஞ்ச வேண்டிவருமே என்ற பயத்தில் அலுமாரி கதிரையெல்லாம் நகர்த்தி, பினாயில் ஊற்றி, சுவர்வரை தேய்த்தேன். பிறகே மாமி இறங்கினார், பாஸ் எண்ணெய் விட்டார். இப்போது கம்ப்ரசர் பூசைக்கு வந்த பிள்ளைபோல் அடக்கமாய் ஓடுகிறது. ஐஸ்கிறீமில் கரண்டி வளைகிறது.

கை இரண்டும் பினாயில் மணந்தாலும், மாமியை மேசையில் ஏற்றிய பெருமை எனக்குத்தான்.

உங்கள் கால் சீக்கிரம் நேராகவும், என் வால் இப்படியே நீளவும் அந்தோனியாரை மன்றாடும்,
கிளெமென்ற்.

பி.கு. இஞ்சாருங்கோ, இது றஞ்சிதம். கடிதத்தை ஒட்ட முந்தி வாசிச்சுப்போட்டன். வந்த முதல் கிழமையே சில்லறைக் கடையிலை "பொல் தெல்" எண்டு கேட்டுத்தான் தேங்காயெண்ணெய் வாங்கினனான். நாளைக்கு விருந்துக்குச் சனம் வரமுந்திக் கடையை ஆர் கழுவிறதெண்டு யோசிச்சுக்கொண்டிருந்தன். ஐஸ்கிறீம் அவ்வளவு கெதியிலை இளகாது. பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையுங்கோ, வீட்டு அலுமாரிக்குப் பின்னாலையும் தூசி கிடக்கு.