ரிஜெக்ட் அக்கா காத்த அடுப்பு

நியூசிலாந்தின் தென் ஆக்லாந்தில் ரிஜெக்ட் அக்காவிடம் தேறிய பொருள் ஒன்றுகூடக் கிடையாது. வடை, வானிலை, பாதிரியாரின் பிரசங்கம், என் மீசை எல்லாம் அவர் முன்னால் ஒன்றுதான். மீசையில் இடது பக்கம் நீளம் என்று ஒரு திங்கட்கிழமை சொன்னார். வெட்டிச் சரிசெய்தேன். செவ்வாய்க்கிழமை வலது பக்கம் நீளம் என்றார். புதன்கிழமை மீசை இல்லாமல் வேலைக்குப் போனேன்.

அங்கே விரி என்ற பகுதியில் முறுக்கும் மிக்சரும் பாக்கெட் போடும் தொழிற்சாலை அது. நான் அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். யாழ்ப்பாணத்துக்காரரான அக்காவுக்குத் தரப் பரிசோதனை வேலை. உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. கைப்பையில் எப்போதும் 'ரிஜெக்ட்' என்று அச்சடித்த சிவப்பு ஸ்டிக்கர் சுருள் இருக்கும். அது ஒட்டப்பட்ட பெட்டி, அக்கா கையெழுத்துப் போடும்வரை ஓரங்குலம் நகரக் கூடாது. விதியைப் போட்டவர் முதலாளி. மலேசியத் தமிழரான அவரை எல்லோரும் பாஸ் என்றுதான் அழைப்போம். போட்ட நாளிலிருந்து அந்த விதிக்காக வருந்தியவரும் அவரேதான்.

வேலை முடிந்தாலும் அக்காவின் பரிசோதனை முடியாது. நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருக்கும் பாபடோயிட்டோயில் ஒரு கல்யாணத்தில் வடையின் ஓட்டை நடுவில் இல்லை என்று ஒரு தட்டு முழுவதையும் திருப்பி அனுப்பினார். அவர் பெண் வீட்டாரும் இல்லை, மாப்பிள்ளை வீட்டாரும் இல்லை. ஞாயிறு பூசை முடிந்ததும், ஊரில் எந்த மலையில் இலவச வழிகாட்டி நடை நடந்தாலும் போய்விடுவார். மலையைப் பார்க்க அல்ல, வழிகாட்டியைத் திருத்த. திருத்துவதற்காக முழுக்கக் கேட்க வேண்டியிருந்ததால், அவருக்கு இந்த நாட்டு மண்ணைப் பற்றி நிறையவே தெரிந்திருந்தது.

ஆக்லாந்திலிருந்து தெற்கே போனால் பாம்பே மலைகள் வரும். விசா இல்லாமல் பாம்பே போய் வந்தோம் என்ற நகைச்சுவையை நம்மவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லியிருப்பார்கள். அதையும் தாண்டி, ஆடுகளும் காற்றும் மட்டும் குடியிருந்த ஒரு மேட்டு நிலத்தை பாஸ் வாங்கினார். உச்சியைச் சமப்படுத்தி வீடு கட்டத் திட்டம். முதல் மண் அள்ளும்போது கைதட்ட ஆள் வேண்டுமே என்று ஒரு சனிக்கிழமை எங்கள் எல்லோரையும் ஆட்டுக்கறி, ரொட்டியோடு அங்கே கூட்டிப்போனார். நம்மூரில் ஜேசிபி என்போமே, இங்கே டிகர் என்கிறார்கள், அது உச்சியில் தயாராக நின்றது.

பாஸ் உரையைத் தொடங்கினார். அக்கா தரையைப் பார்த்தபடி நடந்துகொண்டிருந்தார். மழை புல்லை அரித்திருந்த ஓரிடத்தில் குனிந்தார். அப்புறம் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, உந்தக் கல்லுகளைப் பாருங்கோ. எல்லாம் கைக்கு அடக்கமா ஒரே அளவு. நெருப்பில கிடந்து வெடிச்ச கல்லு. மண்ணும் இந்த வட்டத்துக்குள்ள மட்டும்தான் கரி. இது ஆரோ சமைச்ச இடம்."

எனக்கு அது கல்லாகத்தான் தெரிந்தது. இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மண்ணடுப்பு என்றார். குழி தோண்டி, கல்லைச் சூடாக்கி, உணவை வைத்து மூடிவிடுவார்களாம். ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டுக்கு முந்தைய இடம் என்றால், எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டாலும் சட்டம் அதைக் காக்கும், அனுமதி வாங்காமல் ஒரு கரண்டி மண்கூட எடுக்க முடியாது என்றார். யாருக்கும் தெரியாத அடுப்பைச் சட்டம் எப்படிக் காக்கும் என்று கேட்டேன். அதுக்குத்தானே நான் இருக்கிறன் என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே டிகரிடம் போய் அதன் மண்வாரியில் சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டினார்.

பாஸின் உரை பாதியில் நின்றது. முதலில் சிரித்தார். பிறகு ஸ்டிக்கரைக் கிழித்தார். அக்கா இன்னொன்று ஒட்டினார். இப்படி நான்கு ஸ்டிக்கர் போயிற்று. ஐந்தாவது ஒட்டப்படவில்லை. அக்கா திரும்பி நடந்து, அந்தக் கற்களுக்குப் பக்கத்தில், ஈரப் புல்லில், நல்ல பட்டுச் சேலையோடு சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இது என் நிலம். எழுந்திரிங்க," என்றார் பாஸ்.

"நிலம் உங்கடைதான். அடுப்பு உங்கடை இல்லை."

பாஸின் முகம் அவர் மிளகாய் மிக்சரின் நிறத்துக்கு வந்தது. அப்படியென்றால் திங்கட்கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்றார். அக்கா தனி ஆள், வீட்டுக் கடன் கட்டுகிறவர், பேச்சு விளையாட்டில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் எழுந்திருக்கவில்லை. தூறல் தொடங்கியது. ரொட்டி நனையுமென்று பாதிப் பேர் வண்டிகளுக்கு ஓடினார்கள். நான் போய் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எனக்கும் வேலை இருக்கிறது என்பது ஞாபகம் வந்தது.

அப்போது டிகர் ஓட்டுநர் கீழே இறங்கினார். ஆறடிக்கு மேல் உயரமான மாவோரிக்காரர். எங்கள் தமிழ்ச் சண்டையில் ஒரு வார்த்தையும் அவருக்குப் புரிந்திருக்காது. கற்களின் முன்னால் மண்டியிட்டு வெகு நேரம் பார்த்தார். தொடவில்லை. தொப்பியைக் கழற்றினார். பிறகு பாஸிடம் போய், சாவியைப் பையில் போட்டுக்கொண்டே, உரியவர்கள் வந்து பார்க்கும்வரை இன்று வேலை கிடையாது என்று ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார். ஆறடி மனிதர் நிதானமாகச் சொன்னால் அதில் ஒரு தெளிவு இருக்கும்.

திங்கட்கிழமை அக்கா வழக்கம்போல ஏழு மணிக்கு வந்து, முதல் தொகுதி முறுக்கை நிராகரித்தார். பாஸ் கண்ணாடி அறையிலிருந்து பார்த்தார். பிறகு திரும்பித் தன் வேலையைப் பார்த்தார்.

அடுத்த வாரம் ஒரு தொல்லியல் ஆய்வாளர் வந்தார். அக்கா சொன்னது அத்தனையும் சரி. பல நூறு ஆண்டுப் பழைய மண்ணடுப்புதான். ஆனால் ஒன்றல்ல, மூன்று. தொழிற்சாலை முழுக்கக் கைதட்டியது. அக்கா மட்டும் அன்று முழுவதும் சாப்பிடவில்லை. "ரெண்டைத் தவற விட்டிட்டன்," என்று நொந்துகொண்டே இருந்தார்.

பாஸ் வீட்டைச் சரிவில் கீழே தள்ளிக் கட்டிக்கொண்டார். உச்சிக்கு வேலி போட்டார். இப்போது விருந்தினர் யார் வந்தாலும் முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறார். அந்த நிலத்தில் கால் வைத்த கணமே தனக்கு ஏதோ தோன்றியது என்கிறார். அக்கா பக்கத்தில் இருந்தால் மட்டும் அந்த வரியை விட்டுவிடுவார்.

வேலி போட்டு முடிந்ததும் ஓட்டுநரின் குடும்பத்தார் மலைக்கு வந்து பிரார்த்தனை செய்தார்கள். அவருடைய அத்தை, வெள்ளைத்தலை அம்மாள், அக்காவின் தோளைப் பிடித்து, மாவோரி வணக்கமாக நெற்றியோடு நெற்றியும் மூக்கோடு மூக்கும் வைத்து நின்றார். எங்கள் அக்கா கண்ணை மூடிக்கொண்டு நின்றதை அன்றுதான் பார்த்தேன். அவரைச் சுற்றி அத்தனை பேர் நின்றார்கள், ஐந்தடிகூட இல்லாத அந்த மனுஷி எல்லோரையும்விட உயரமாகத் தெரிந்தார்.

திரும்பும்போது என் காரில்தான் வந்தார். பாபடோயிட்டோய் நெருங்கும்போது கேட்டார்.

"தம்பி, அண்டைக்கு அந்தக் கல்லை நம்பியோ எனக்குப் பக்கத்தில வந்து இருந்தனீங்கள்?"

"ஆமாக்கா," என்றேன்.

பொய்தான். கல்லைப் பற்றி எனக்கு அன்று ஒன்றும் தெரியாது. மழையில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். அது மட்டும்தான் தெரிந்தது.