சாம்பியன் ரீப்ஸ் ஒட்டடை விஞ்ஞானி

இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிப்பதில்லை என்று கிளாரன்ஸ் தீர்மானம் போட்டது பேக்டரி கேன்டீனில், இரண்டாவது போண்டாவுக்கும் மூன்றாவது போண்டாவுக்கும் நடுவில். சாதாரணத் தீர்மானம் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் யாரையும் கேட்காமல் போட்ட முதல் தீர்மானம்.

தங்கவயல் சாம்பியன் ரீப்ஸில் அவர் குடியிருந்தது வெள்ளைக்காரன் காலத்து வீடு. ஆள் எவ்வளவு குள்ளமாக இருந்தாலும் சுவர் உயரமாக இருக்க வேண்டும் என்று நினைத்த எவனோ கட்டியது. வருஷா வருஷம் டிசம்பர் பிறந்தால் கிளாரன்ஸ் ஏணி மேல் இருப்பார். கீழே நின்று கையைக் காட்டுவது மனைவி ஈவ்லின். அவள் விரல் போகும் இடத்துக்கெல்லாம் அவருடைய சுண்ணாம்பு மட்டை போக வேண்டும்.

"அங்க விட்டுப் போச்சி பாருங்க."

"எங்க?"

"நீங்க பாக்காத எடத்துல."

பண்டிகை அன்றைக்குக் கழுத்து நிமிர்ந்தபடியே நின்றுவிடும். கோயிலில் எல்லோரும் தலை குனிந்து ஜெபிக்கும்போது கிளாரன்ஸ் மட்டும் பரலோகத்தை நேராகப் பார்த்துக்கொண்டிருப்பார். நல்ல விசுவாசி என்று அவருக்குப் பேர் வந்ததே அப்படித்தான்.

தீர்மானத்தை வீட்டில் சொல்ல ஒரு சாக்குதான் வேண்டியிருந்தது. தொண்ணூற்றெட்டாம் வருஷம் நவம்பர் கடைசியில் அதற்கும் ஒரு விடிவு வந்தது. பெங்களூரில் ஒரு காலேஜில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் சுமா மேடம், தங்கவயல் பக்கத்துச் சிலந்திகளைக் கணக்கெடுக்க வந்திருந்தார். சுரங்க மண் குவிந்த சயனைடு மேட்டிலும் பாலகாட் சுரங்கத்துப் பக்கத்து முள்காட்டிலும் அலைந்து முடித்துவிட்டு, பேக்டரி கிளப்பில் ஒரு கூட்டம் போட்டார். காபி உண்டு என்றதால் கிளாரன்ஸ் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"வீட்டுச் சிலந்திங்கள இந்த ஜில்லாவுல யாரும் சரியா பாக்கல," என்றார் சுமா மேடம். "உங்க வீட்டு மோட்டுவளையிலயே இந்தப் பக்கத்துக்குப் புதுசா ஒண்ணு இருக்கலாம். தயவு செஞ்சி அடிச்சிடாதீங்க."

கிளாரன்ஸுக்குக் காபி இறங்கவில்லை. பேக்டரியில் அவர் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. எதில் குறை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். இந்த யோசனையில் ஒரு குறையும் தெரியவில்லை.

வீட்டு வாசலிலேயே நின்று அறிவித்தார். உள்ளே வந்து சொல்லும் அளவுக்குத் தைரியம் மிச்சமில்லை.

"இனிமே இந்த வீட்ல ஒட்டடக் கோல யாரும் தொடக் கூடாது."

ஈவ்லின் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். "இன்னாத்துக்கு?"

"ஆராய்ச்சி."

"யாரு பண்றது?"

"நான்தான். சிலந்திங்களப் பத்தி. இந்த ஜில்லாவுலயே இல்லாத சிலந்தி நம்ம வீட்ல இருக்கலாமாம். இப்ப போயி வெள்ளையடிச்சா விஞ்ஞானத்துக்கே வெள்ளையடிச்ச மாதிரி."

"எவ்ளோ நாளு நடக்கும் ஆராய்ச்சி?"

"சிலந்திக்கெல்லாம் காலண்டர் தெரியாது ஈவ்லின்."

ஈவ்லின் மோட்டுவளையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். இரண்டிலும் என்ன தொங்குகிறது என்று கணக்குப் போட்ட மாதிரி இருந்தது.

"சரி," என்றாள்.

அவ்வளவுதான். ஒரு சண்டை இல்லை, ஒரு பெருமூச்சு இல்லை. வேறு எந்தப் புருஷனாக இருந்தாலும் அந்த ஒரு 'சரி'க்கு உஷாராகியிருப்பான். கிளாரன்ஸ் சாய்வு நாற்காலியை நடு ஹாலுக்கு இழுத்துப் போட்டுப் படுத்தார். நூல் விட்டுப் பார்த்தோம், பட்டென்று ஜெயித்துவிட்டோம் என்று மோட்டுவளைச் சிலந்தியிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டார். நூல் விடுகிற தொழிலில் அதுவும் இருப்பதால் புரிந்துகொள்ளும் என்று நினைத்தார்.

சனிக்கிழமை காலை, பனியனோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது சுமா மேடம் வாசலில் வந்து நின்றார்.

"உங்க மிஸஸ் போன் பண்ணாங்க சார். நீங்க வீட்லயே ஆராய்ச்சி ஆரம்பிச்சிட்டீங்கன்னு. ரொம்ப சந்தோஷம். எத்தன சேகரிச்சீங்க?"

கிளாரன்ஸ் துண்டைத் தேடிப் போர்த்திக்கொண்டார். "இப்போதைக்கு... பாத்துகினு கீறேன் மேடம்."

டீ கொண்டுவந்த ஈவ்லின் பவ்வியமாகக் கேட்டாள். "வெறுமனே படுத்துகினு பாத்தா போதுமாங்க மேடம்?"

"பத்தாதும்மா. ஏணி போட்டு ஏறணும். ஒவ்வொரு மூலையும் மெத்துனு ஒரு பிரஷ்ஷால தள்ளிப் பாக்கணும். பீரோ பின்னாடி, போட்டோ பின்னாடி, பரண் எல்லாம். ஒவ்வொரு மாதிரியிலயும் ஒண்ணு பிலிம் ரோல் டப்பாவுல போட்டு எனக்கு வேணும். மத்தத உசுரோட தோட்டத்துல விட்டுடலாம்."

"பழைய நூலெல்லாம்?"

"வழிச்சி எடுத்துட்டா நல்லது. அப்பதான் புதுசா எது நூல் கட்டுதுன்னு தெரியும்."

"கேட்டுக்குங்க," என்றாள் ஈவ்லின். ஏணி ஏற்கெனவே ஹாலில் சாத்தியிருந்தது. எப்போது வந்தது என்று கிளாரன்ஸுக்குத் தெரியவில்லை.

முணுமுணுத்துக்கொண்டேதான் ஏறினார். ஆனால் மேலே போனதும் என்னவோ ஆனது. சுண்ணாம்பு மட்டையோடு ஏறினவரைக்கும் ஒட்டடை ஒட்டடையாகத்தான் தெரிந்தது. மேடம் கொடுத்த பூதக்கண்ணாடியோடு ஏறியபோது அங்கே ஒரு ஊரே இருந்தது. தொட்டதும் தன் வலையிலேயே கிறுகிறுவென்று ஆடி மங்கலாகிப்போகும் நீளக்கால்காரி ஒருத்தி. ஜன்னல் கம்பியில் பூனை மாதிரி பதுங்கிப் பாயும் குட்டையன் ஒருவன். கல்யாண போட்டோவுக்குப் பின்னால், கை அகலத்துக்குக் கால் பரப்பி, வயிற்றுக்கடியில் வெள்ளை வில்லையாக முட்டைப் பையை அணைத்துப் பிடித்திருந்த பெரிய சிலந்தி. பட்டினி கிடந்தாலும் அதை விடமாட்டாள் என்று மேடம் சொல்லியிருந்தார். கிளாரன்ஸ் போட்டோவைச் சத்தமில்லாமல் திரும்ப மாட்டினார்.

ஒரு வாரத்தில் வீட்டில் ஒட்டடையும் இல்லை, சிலந்தியும் இல்லை, போட்டோவுக்குப் பின்னால் இருந்த தாய்க்காரியைத் தவிர. டப்பாக்கள் பெங்களூர் போயின. பதில் வந்தது. எல்லாம் ஏற்கெனவே பதிவானவைதான்.

கிளாரன்ஸ் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளையடிப்பிலிருந்து தப்பிக்க ஆரம்பித்த வேலை என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"நம்ம வீட்ல இல்லன்னா இன்னா," என்றாள் ஈவ்லின், சோற்றில் குழம்பை ஊற்றிக்கொண்டே. "பக்கத்து வூட்டுப் பார்வதம்மா பரண்ல பத்து வருஷமா கை வைக்கல. அங்க இருக்குமோ இன்னாமோ."

"அவங்க உடுவாங்களா?"

"நான் கேட்டுப் பாக்கறேன். விஞ்ஞானின்னு சொன்னா மரியாதை குடுப்பாங்க."

கொடுத்தார்கள். பார்வதம்மா மட்டுமல்ல. கோயில் பெண்கள் சங்கத்து ஜூடித் வீடு, வின்னி வீடு என்று தெருவே கூப்பிட்டது. போன இடமெல்லாம் மரியாதை. இவர் போகும் முன்பே ஏணி தயாராக இருக்கும். கட்டில், பீரோ எல்லாம் நடுவீட்டுக்கு நகர்த்தி, மேலே பழைய வேட்டி போர்த்தியிருக்கும். ஒரு விஞ்ஞானியின் நேரம் வீணாகக் கூடாது என்று சாம்பியன் ரீப்ஸ் ஜனங்களுக்கு இருந்த அக்கறையைப் பார்த்து கிளாரன்ஸுக்கு மனசு நெகிழ்ந்தது. இறங்கினதும் குல்குல், ரோஸ் குக்கி என்று கிறிஸ்துமஸ் பலகாரம். தலை நிறைய ஒட்டடை, சட்டைப் பை நிறைய டப்பா. மீசையில் தொங்கிய நூலைத் தட்டிவிடாமலேயே தெருவில் நடந்து வந்தார். தெரியட்டும் என்றுதான்.

ஜூடித் வீட்டில் மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. "இந்த பேன் றெக்கை மேலயும் கொஞ்சம் ஆராய்ச்சி பண்ணிடுங்கண்ணா," என்றாள். சுற்றுகிற பேன் மேல் சிலந்தி வலை கட்டாது என்று சொல்ல நினைத்தார். ஆனால் பார்க்காமல் எப்படிச் சொல்வது? துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்.

பார்வதம்மா வீட்டுப் பரணில்தான் அது இருந்தது.

பித்தளை அண்டாவுக்குப் பின்னால், சுவரில், வலை கிலை ஒன்றும் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி. நூல் மாதிரி கால். முன்பக்கம் மட்டும் குண்டாக மேடு தட்டியிருந்தது. ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற ஆள் மாதிரி அவசரமே இல்லாமல் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்தது. கிளாரன்ஸ் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். கண்களை எண்ணினார். மறுபடி எண்ணினார். ஆறுதான். இதுவரை பார்த்ததுக்கெல்லாம் எட்டு. பேக்டரியில் இரண்டு குறைந்தால் ரிஜெக்ட். ஆனால் இங்கே இரண்டு குறைந்ததற்கு அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது.

அப்போது ஒரு சின்னப் பூச்சி எதிரில் வந்தது. சிலந்தி நின்றது. லேசாக ஒரு நடுக்கம். என்ன நடந்தது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. பூச்சியின் இரண்டு பக்கமும் கோணல் மாணலாகப் பசை விழுந்து, சுவரோடு ஒட்டிக்கொண்டது.

துப்பியிருக்கிறது. சிலந்தி துப்பியிருக்கிறது.

கீழேயிருந்து பார்வதம்மா, "அண்ணா, அந்த மூலையில இன்னும் கொஞ்சம் நூல் தொங்குது," என்றாள். அவர் காதில் விழவே இல்லை.

அதை டப்பாவில் பிடித்துப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். "ஈவ்லின், ஒரு சிலந்தி. வலையே கட்டாது. துப்பியே புடிக்குது."

"பரவால்லியே. அதுக்காவது துப்பு கீதே," என்றாள் ஈவ்லின். ஆனால் அடுப்பை அணைத்துவிட்டு, செருப்புகூடப் போடாமல், அவருக்கு முன்னால் எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தது அவள்தான்.

சுமா மேடம் மறுநாள் முதல் ரயிலில் வந்தார். லென்ஸில் பார்த்தார். நிமிர்ந்தார். கை கொடுத்தார்.

"சார், இது உலகத்துக்குப் புதுசு இல்ல. வேற ஊர்லல்லாம் இருக்கு. ஆனா கோலார் ஜில்லாவுல இதுக்கு முந்தி யாரும் பதிவு பண்ணல. இதான் முதல் தடவ. சேகரிச்சவர் பேரு உங்க பேருதான் வரும். கிளாரன்ஸ், சாம்பியன் ரீப்ஸ்."

கிளாரன்ஸ் கண்ணைத் துடைத்தார்.

"ஏன் சார்?"

"ஒட்டட விழுந்துடுச்சி மேடம்."

மேடம் சொன்னதை ஈவ்லின் அப்படியே மனப்பாடம் செய்துகொண்டாள். பால் வாங்குகிற இடத்தில், பஸ் ஸ்டாண்டில், கோயில் வாசலில், "கோலார் ஜில்லாவுக்கே முதல் தடவ. எங்க வீட்டுக்காரருதான்," என்று சொன்னாள். சொல்லும்போது குரல் உண்மையாகவே கனத்தது. பேத்தமங்களாவில் இருக்கிற அவள் அக்காவுக்கும் சேதி போனது. பத்து வருஷமாக இவரைச் சோம்பேறி என்று சொல்லி வந்த அக்கா.

இரண்டு நாள் கழித்து, மிச்ச டப்பாவை வாங்கப் போன கிளாரன்ஸிடம் பார்வதம்மா வெள்ளந்தியாகச் சொன்னாள்.

"ஈவ்லின் அக்கா சொன்னப்ப நான் நம்பலண்ணா. ஆளு கெடைக்காம கஷ்டப்பட்டுகினு இருந்தோம். தெருவு பூரா ஒட்டட அடிச்சி, பரண் துடைச்சி, ஒரு மனுஷன் முகம் சுளிக்காம செய்வாருன்னு சொன்னா யாரு நம்புவாங்க?"

கிளாரன்ஸ் வீடு வந்து சேர வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தது. ஹாலில் சுண்ணாம்புத் தொட்டி நுரைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மட்டை.

"ஈவ்லின், நீ என்ன ஏமாத்திட்டே."

"நானா? ஆராய்ச்சி நடந்துச்சா இல்லியா?"

"நடந்துச்சி."

"புதுச் சிலந்தி கெடச்சிதா?"

"கெடச்சிது."

"நீங்க நாற்காலியிலயே படுத்துகினு இருந்தா கெடச்சிருக்குமா?"

கிளாரன்ஸ் யோசித்தார். பதிலில் குறை தேடினார். கிடைக்கவில்லை.

"நம்ம வீட்ல இப்ப சிலந்தி இல்ல. விஞ்ஞானத்துக்கு ஒரு நஷ்டமும் இல்ல. கல்யாணப் போட்டோ இருக்கற சுவத்த மட்டும் உட்டுடுங்க. அங்க புள்ளத்தாச்சி கீது."

கிளாரன்ஸ் வேட்டியை மடித்துக் கட்டினார். அந்த வருஷம் அவர்கள் வீட்டில் ஒரு சுவர் மட்டும் பழுப்பாகவே கிறிஸ்துமஸ் கொண்டாடியது. வந்த விருந்தாளிகளிடமெல்லாம் அந்தச் சுவரைக் காட்டி ஈவ்லின் காரணம் சொன்னாள். கிளாரன்ஸ் பக்கத்தில் நின்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பண்டிகை ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயர் அவரை முன்னால் கூப்பிட்டார். கழுத்து நிமிர்ந்தே இருந்ததால் நடை ராஜநடையாக அமைந்தது. சால்வை போட்டார்கள். "நம் சபைக்குப் பெருமை, நம் ஜில்லாவுக்குப் பெருமை," என்றார் ஐயர். கைதட்டல் கூரையைத் தொட்டது. பால்ய வயதில் ஞானஸ்நானம் வாங்கினதிலிருந்து இந்தக் கோயிலில் தன் பேரை யாரும் இவ்வளவு சத்தமாகச் சொன்னதில்லை என்று கிளாரன்ஸ் நினைத்துக்கொண்டார். இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தபோது ஈவ்லின் சால்வையின் மடிப்பைச் சரிசெய்தாள். அவள் கண்ணும் ஈரமாக இருந்தது. அது நடிப்பு இல்லை என்று அவருக்குத் தெரியும்.

ஐயர் இன்னும் முடிக்கவில்லை.

"நூறு வருஷமாக யாரும் தொடாத நம் ஆலயக் கூரையிலும் மணிக்கூண்டிலும் எத்தனை அபூர்வ ஜீவன்கள் இருக்கின்றனவோ. பெண்கள் சங்கத்தின் வேண்டுகோளை ஏற்று, ஈஸ்டருக்குள் அவை முழுவதையும் ஆராய்ந்து தர சகோதரர் கிளாரன்ஸ் அன்போடு முன்வந்திருக்கிறார்."

முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். கிளாரன்ஸ் மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார்.

"எழுந்து கும்புடுங்க, எல்லாரும் பாத்துகினு கீறாங்க," என்றாள் ஈவ்லின் மெல்லிய குரலில். "ரெண்டு ஏணிய சேத்துக் கட்டச் சொல்லிட்டேன்."