கிஸ்மிஸ் விளையாத ஊர்

நான் ஜெர்மனிக்குப் போனதில்லை. திராட்சை மதுவைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் ஜெர்மனியில் மதுவுக்காகவே திராட்சை பயிரிடும் ஒரு கிராமத்தின் சரித்திரமும் பூகோளமும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். எந்தச் சரிவில் முதலில் வெயில் படும், கோயில் மணியை எந்தப் படை கழற்றிக்கொண்டு போனது, எல்லாம் சொல்வேன். (எங்கள் ஊரில் எத்தனை வார்டு என்று கேட்டால் மனைவியைத்தான் கூப்பிடுவேன்.) இந்த அறிவால் என் கல்யாணமே தள்ளிப்போனது.

தொண்ணூறுகளின் நடுவில் சவூதி அரேபியாவின் அல் கோபாரில் ஒரு கட்டடக் கம்பெனியில் டைம் கீப்பராக இருந்தேன். யார் எத்தனை மணிக்கு டூட்டிக்கு வந்தார், எத்தனை மணிக்குப் போனார் என்று எழுதும் வேலை. புராஜெக்ட் மேனேஜர் வெர்னர், ஜெர்மன்காரர். அவர் சிரித்துப் பார்த்தவர் கேம்ப்பில் யாரும் இல்லை. அரபியில் அவருக்குத் தெரிந்தது மூன்றே சொல்: கிளம்பு என்கிற யல்லா, மாஃபி, இன்ஷா அல்லாஹ். லீவு கேட்டுப் போனவர்களுக்கெல்லாம் மாஃபிதான் கிடைத்தது, அதாவது இல்லை.

எனக்கோ ஊரில் நிக்காஹ் நிச்சயமாகிவிட்டது. நோன்பு மாதத்துக்கு முன்னால் தேதி. பத்திரிகை அடித்தாயிற்று, சமையல்காரரிடம் பேசியாயிற்று, மாப்பிள்ளை மட்டும்தான் வரவேண்டும். வெர்னர் கையெழுத்துப் போட்டால்தான் கஃபீல் போடுவார். கஃபீல் என்றால் நம் விசாவுக்குப் பொறுப்பான அரபு முதலாளி. அவர் கையெழுத்து இல்லாமல் நாட்டைவிட்டு வெளியே போக முடியாது.

என் ரூமில் இருந்த கிரேன் ஆபரேட்டர் செல்லத்துரை அண்ணன்தான் வழி சொன்னார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். வளைகுடாவில் தமிழன் தமிழனைப் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, எந்த ஊர் என்பதுதான். பதில் வந்ததும் அந்த ஊர் பஸ் ஸ்டாண்டைப் பற்றியோ பரோட்டாக் கடையைப் பற்றியோ நாம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் பாதிக் காரியம் முடிந்த மாதிரி.

"வெள்ளக்காரனும் மனுசந்தான தம்பி. அவன் ஊரப் பத்தி நாலு வார்த்த கேளு, உருகிப் போயிருவான்" என்றார்.

கேள் என்றுதான் அண்ணன் சொன்னார். நானோ அவருக்கே அவர் ஊரைச் சொல்லிக்கொடுப்பது என்று முடிவு கட்டினேன். வெர்னரின் மேசையில் அவருடைய ஊர்ப் பஞ்சாயத்து அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்று கிடந்தது. ஊரின் பெயர் ஓபர்ஹால்டன்பாக். பின்பாதியில் ஆங்கிலமும் ஒரு வரைபடமும் இருந்தன. அவர் சைட்டுக்குப் போன நேரம் பார்த்து அத்தனையையும் ஜெராக்ஸ் எடுத்தேன்.

மூன்று வாரம் படித்தேன். சைட் பஸ்ஸில் படித்தேன், குளியலறை வரிசையில் நின்று படித்தேன். பரீட்சைக்கு இப்படிப் படித்திருந்தால் அல் கோபாருக்கே வந்திருக்க மாட்டேன். தெற்கிலிருந்து வரும் ஆறு அந்த ஊருக்குக் கீழே மேற்காகத் திரும்புகிறது. வடகரை முழுக்க மலைச்சரிவு. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் அறுவடை செய்ய முடியும். அங்குள்ள கறுப்புப் பலகைக்கல் பகலில் சூட்டை வாங்கி வைத்து, பொழுது சாய்ந்ததும் கொடிக்குக் கொடுக்கிறது. முதலில் ரோமானியர் கொடி நட்டார்கள், பிறகு துறவிகள் நிலத்தை வைத்திருந்தார்கள், பிறகு பிரெஞ்சுப் படை வந்தது, கடைசியில் ஒரு பூச்சி வந்து வேரையெல்லாம் தின்று தீர்த்தது. பாகம் பிரித்துப் பிரித்து ஆளுக்கு ஒரு பாய் அகல நிலம்தான் மிஞ்சியது என்று படித்தபோது, அடடா, நம்ம ஊர்தான் என்று நினைத்துக்கொண்டேன். மொத்த ஜனத்தொகை எங்கள் கேம்ப்பைவிடக் குறைவு.

வாய்ப்பும் வந்தது. முதல் கட்டடம் முடிந்ததற்காக கேன்டீனில் மதியச் சாப்பாடு. கஃபீலும் வருகிறார். ஆங்கிலத்தில் வரவேற்புச் சொல்ல ஆள் தேடினார்கள். நானே போய்ப் பெயர் கொடுத்தேன்.

அண்ணனிடம் ஒருமுறை ஒப்பித்துக் காட்டினேன். அவர் முகம் வெளிறிவிட்டது. வரிக்கு வரி ஒயின் வருகிறதே, இது எந்த நாடு என்று ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

"நீ ஊருக்குப் போறது உறுதி தம்பி. திரும்பி வரத்தான் முடியாது."

வேறு ஆளாக இருந்தால் பேச்சைக் கைவிட்டிருப்பான். எனக்கு நிக்காஹ் இருந்தது, மூன்று வார உழைப்பு இருந்தது. விடுவதாக இல்லை. யோசித்துப் பார்த்தேன். திராட்சை ஹலால். காய்ந்த திராட்சை அதைவிட ஹலால். ஒயின் என்று வந்த இடத்திலெல்லாம் அடித்துவிட்டு, கிஸ்மிஸ் என்று எழுதினேன்.

மறுநாள் கஃபீலுக்கும் நூறு பேருக்கும் முன்னால் முழங்கினேன். வெர்னர் சாரின் முன்னோர் தலைமுறை தலைமுறையாகக் கிஸ்மிஸ் செய்தவர்கள் என்றேன். துறவிகள் கிஸ்மிஸைப் பீப்பாயில் அடைத்து நிலவறையில் வைத்து, பழையதாக ஆக ஆக உயர்ந்தது என்று போற்றினார்கள் என்றேன். பிரெஞ்சுப் படை ஊருக்குள் வந்து கிஸ்மிஸ் தின்று தள்ளாடிக் கீழே விழுந்தது என்றேன். (இந்த இடத்தையாவது விட்டிருக்கலாம். ஆனால் மனப்பாடம் நிற்காது.) ஆண்டுதோறும் ஒரு பெண்ணைக் கிஸ்மிஸ் ராணியாகத் தேர்ந்தெடுப்பார்கள் என்று முடித்தேன்.

வெர்னர் உருகவில்லை. கழுத்திலிருந்து மேல்நோக்கிச் சிவந்துகொண்டே போனார். கஃபீல் மட்டும் கைதட்டினார். இவ்வளவு நாள் ஒரு பிடி கிஸ்மிஸ்கூட எங்களுக்குத் தரவில்லையே மிஸ்டர் வெர்னர், நோன்புக்கு உங்கள் ஊர்க் கிஸ்மிஸ்தான் வேண்டும் என்றார். அந்தச் சபையில் உண்மையைச் சொல்ல வெர்னருக்கும் வாய் வரவில்லை. இன்ஷா அல்லாஹ் என்றார்.

மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார். "என் அப்பா, என் தாத்தா, அவருடைய தாத்தா. எல்லாரையும் கிஸ்மிஸ் வியாபாரி ஆக்கிவிட்டாய்" என்றார். அவர் ஊரில் பாதி வருஷம் மழை, துணியே காயாதாம். அடுத்த வாரம் அவர் லீவில் ஊருக்குப் போகிறார், திரும்பி வந்து ஏதாவது ஒன்றைக் கஃபீலிடம் கொடுத்தாக வேண்டும். அது ஒழுங்காக முடியும்வரை எனக்கு லீவு மாஃபி.

வாப்பாவுக்குப் போன் செய்தேன். நிக்காஹைப் பெருநாளுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஏன் என்றார். கிஸ்மிஸ் என்றேன். உடம்பு நன்றாக இருக்கிறதா என்று வாப்பா மெதுவாகக் கேட்டார். பெண் வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நன்றாக அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

நோன்புக்கு இரண்டு நாள் முன்பு வெர்னர் திரும்பினார். பெட்டியிலிருந்து பத்துப் பொட்டலம் கிஸ்மிஸை எடுத்து மேசையில் வைத்தார். அவருடைய ஊர்க் கடையில் வாங்கியதுதான். ஆனால் ஒவ்வொன்றிலும் துருக்கியில் விளைந்தது என்று அச்சடித்திருந்தது. இருவரும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, கிஸ்மிஸைத் தகர டப்பாக்களுக்கு மாற்றி, ஒவ்வொன்றின் மேலும் என் ஜெராக்ஸ் வரைபடத்தை ஒட்டினோம். நடுவில் அவர் பேனாவை எடுத்துச் சரிவில் ஒரு கோடு போட்டு, இது எங்கள் அப்பா நிலம் என்றார். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. பக்கத்து நிலம் யாருடையது சார் என்று கேட்டேன். அவ்வளவுதான், மத்தியானச் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை மனிதர் நிறுத்தவில்லை. டப்பாக்களை என்னிடமே கொடுத்து, என் லீவுத் தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கஃபீலிடம் அனுப்பினார்.

கஃபீல் ஒரு கிஸ்மிஸை வாயில் போட்டுச் சப்பினார். தாளில் கையெழுத்துப் போட்டார். தாளை நீட்டும்போது குரலைத் தாழ்த்தி, தான் ஜெர்மனியில் இரண்டு வருஷம் படித்தவன் என்றார். "அடுத்த தடவை பேரீச்சம்பழம் என்று சொல். இங்கேயே கிடைக்கும்" என்றார்.

பெருநாள் கழித்து நிக்காஹ் நடந்தது. தாமதத்துக்குக் காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் என் காக்கா, அதாவது அண்ணன், பந்திக்குப் பந்தி நின்று விளக்கினார். எங்கள் ஊரில் மாப்பிள்ளை, பெண் வீட்டோடு இருப்பதுதான் வழக்கம். தலைமுறை தலைமுறையாகப் பெயர் பெற்ற என் மாமனார் வீடு அன்று முதல் கிஸ்மிஸ் வீடு ஆகிவிட்டது. தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டு வருகிறார்.

போன மாதம் என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பேச்சு நல்லபடி முடிந்தது. மாப்பிள்ளையின் வாப்பா மட்டும் தயங்கித் தயங்கி, "தேதி வச்சா மாறாதுல்ல?" என்று கேட்டார். மாறவே மாறாது என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். என் மனைவி முந்திக்கொண்டாள்.

"மாறாது காக்கா. கல்யாணம் முடியிற வரைக்கும் இவுங்களப் பேச விடாம நான் பாத்துக்கிறேன்."