நண்டுத்திட்டின் ஏகமனதான தேர்தல்

கரைநாட்டுக்குக் கிழக்கே, ஆறு கடலில் கலக்கும் இடத்தில், நண்டுத்திட்டு என்றொரு மணல்மேடு இருந்தது. வரைபடம் வரைந்தவர்கள் அதை மைக்கறை என்று நினைத்து அழித்துவிட்டதால், அது எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் கிடந்தது. சில குடும்பங்கள் அங்கே சிப்பி பொறுக்கியும் கருவாடு காயவைத்தும் பிழைத்துவந்தன. திட்டின் நடுவில் ஒரு நல்லதண்ணீர் ஊற்று. தினமும் எல்லோரும் சேர்ந்து அதில் சரிந்த மணலை வாரிக் கொட்டுவார்கள். வாராவிட்டால் தூர்ந்துவிடும். அங்கே நடந்த ஒரே அரசாங்க வேலை அதுதான்.

தாண்டவராயன் கரைநாட்டில் குடை வியாபாரம் செய்தவர். நின்ற தேர்தலிலெல்லாம் டெபாசிட் இழந்தவர். கடைசித் தேர்தலில் வீட்டு ஓட்டுகூட அவருக்கு விழவில்லை. ஜெயிக்க ஒரு நாடு கிடைக்காவிட்டால் உண்டாக்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று முடிவுசெய்து, மைத்துனர் ஏகாம்பரத்தையும் ஒரு கொடியையும் படகில் ஏற்றிக்கொண்டு நண்டுத்திட்டில் வந்து இறங்கினார். கொடியை நட்டார். குடியரசு பிறந்ததாக அறிவித்தார். தானே எழுதிய தேசிய கீதத்தைத் தானே பாடினார். கருவாடு புரட்டிக்கொண்டிருந்த அஞ்சுகம், மனுசனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று இரக்கப்பட்டு ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தாள். அதை அவர் முதல் கப்பமாக ஏற்றுக்கொண்டார்.

குடியரசென்றால் தேர்தல் வேண்டும். ஏகாம்பரம்தான் பிரதமர், தளபதி, தேர்தல் ஆணையர். தாண்டவராயன் வேண்டும் என்பவர்களுக்கு ஒரு பானை, வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு பானை. ஆளுக்கொரு சிப்பி போட வேண்டும் என்றார். இரண்டாவது பானை கைவசம் இல்லாததால் அஞ்சுகத்தின் தண்ணீர்ப் பானையை இரவல் வாங்கினார்கள். எண்ணிப் பார்த்தபோது, வேண்டும் என்ற பானையில் ஒரே ஒரு சிப்பி கிடந்தது. அது தன்னுடையது என்று ஏகாம்பரம் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

"எண்ணியாச்சுல்ல? பானையக் குடுங்கய்யா, தண்ணி மொள்ளணும்" என்றாள் அஞ்சுகம்.

"அம்மா, அது சான்றுப்பொருள். அரசு முத்திரை வைத்தாகிவிட்டது" என்றார் ஏகாம்பரம்.

அன்றிலிருந்து ஆணைகள் பிறந்தன. சிப்பியைத் தவறான பானையில் போட்டவர்களுக்கு இனி ஓட்டில்லை. யார் போட்டார்கள் என்பது ரகசியம் ஆகையால் ஒருவருக்கும் ஓட்டில்லை. ஓட்டில்லாதவர்கள் குடிமக்கள் அல்ல, விருந்தினர். விருந்தினர் தேசிய ஊற்றில் தண்ணீர் எடுக்குமுன் கீதத்தை முழுதாகப் பாட வேண்டும். தாண்டவராயனுக்கு வேறு வேலை இல்லாததால் கீதம் வளர்ந்துகொண்டே போனது. பாடி முடிக்கும்போது வெயில் உச்சிக்கு வந்துவிடும், மீன் நாறிப்போகும்.

அஞ்சுகம் நேரே போய்க் கேட்டாள். "நாங்க இங்கயே பொறந்து வளந்தவங்கய்யா. நாங்க எப்படி விருந்தாளி ஆவோம்?"

தாண்டவராயன் பொறுமையாக விளக்கினார். "நீங்கள் பிறந்தபோது இந்த நாடு இருந்ததா? இல்லை. ஆகவே நீங்கள் அனைவரும் வெளிநாட்டில் பிறந்தவர்கள்."

"அப்ப நீங்க?"

"நான் நாட்டோடு வந்தவன்."

இந்தச் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்ததை ஏகாம்பரம்தான் கண்டுபிடித்தார். அஞ்சுகத்தின் மகள் பவளம் நிறைமாதமாக இருந்தாள். நாடு பிறந்தபின் அந்த மண்ணில் பிறக்கப்போகும் முதல் உயிர் அவள் பிள்ளை. அதை வெளிநாட்டான் என்று சொல்ல வழியே இல்லை.

"மாமா, அது பிறந்துவிட்டால் நமக்கு எதிர்க்கட்சி" என்றார் ஏகாம்பரம். அதிபர் தாண்டவராயன், தேசத்தின் பாதுகாப்பு கருதி, பவளம் உடனே வெளியேற வேண்டும் என்று ஆணையிட்டார். அப்போது அவளுக்கு வலி கண்டிருந்தது.

"ரெண்டு நாள் பொறுங்கய்யா, புள்ளத்தாச்சிய அலையில ஏத்தச் சொல்றீங்களே!" என்று அஞ்சுகம் கதறினாள். தளபதி ஏகாம்பரம் படகை அவிழ்த்துவிட்டார். வலியில் துடிக்கும் பெண்ணைத் தனியே அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. எல்லாக் குடும்பங்களும் படகேறின. பாதி வழியில், அலைகளுக்கு நடுவே, பேரன் பிறந்தான்.

திட்டில் அன்று மாலையே மறுதேர்தல் நடந்தது. ஏகாம்பரம் நாட்டுக்கு முன்பே பிறந்தவர் ஆகையால் அவருக்கும் ஓட்டில்லை. தாண்டவராயன் நூறு சதவீத ஓட்டுப் பெற்று, ஏகமனதாகத் தேர்வானார். கலவரம் இல்லை, புகார் இல்லை. இப்படி ஒரு தேர்தலைக் கண்டதே இல்லை என்று வியந்த கரைநாட்டு அரசு, நண்டுத்திட்டைத் தனி நாடாக அங்கீகரித்தது.

படகுகள் கரை சேர்ந்தபோது அங்கீகாரம் அமலுக்கு வந்திருந்தது. எல்லை அதிகாரி கேட்டார்: "குழந்தை பிறந்த இடம்?"

"தண்ணியிலய்யா" என்றாள் அஞ்சுகம்.

அப்படியொரு நாடு இல்லை என்று சொல்லி, அவர்களைத் தகரக் கொட்டகையில் அடைத்து வேலி போட்டார்கள்.

திட்டில் மணல் வார ஆளில்லாமல் ஊற்று தூர்ந்தது. நாக்கு வறண்ட தாண்டவராயன் ஏகாம்பரத்தோடு கரைக்கு வந்தார். அண்டை நாட்டு அதிபர் அல்லவா, மாலை போட்டு இளநீர் கொடுத்தார்கள். அதிகாரி கொட்டகையைக் காட்டி, "இவர்கள் உங்கள் நாட்டவர் என்கிறார்கள். மேதகு அதிபருக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

அஞ்சுகம் வேலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கய்யா. பெத்தவ தண்ணியில்லாமக் கெடக்கா. நாங்க எங்க போவோம்?"

தாண்டவராயன் அவளை ஒருமுறை பார்த்தார். "என் நாட்டில் என்னைத் தவிர யாரும் கிடையாது. தேர்தல் முடிவைப் பாருங்கள்" என்றார்.

எதிரே பொதுக்குழாயில் குடங்களோடு நின்ற கரைநாட்டார் இதை வேடிக்கை பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் மட்டும் தன் குடத்தைத் தூக்கிவந்து வேலிக்குள் நீட்டினாள். அஞ்சுகம் முதலில் மகளுக்குப் புகட்டினாள்.

அன்றே தாண்டவராயன் கரைநாட்டின் தேர்தல் ஆலோசகராகப் பொறுப்பேற்றார். மறுநாள் காலை குழாயடியில் ஏகாம்பரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வரிசையில் முதலாவதாக நின்ற அந்தப் பெண்ணிடம், "நீங்கள் எப்போது பிறந்தீர்கள் அம்மா?" என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார்.