மாப்பிள்ளை காருக்குத் தடி டயர்

புதிதாக வேலைக்குப் போன இளைஞன் கையில் ஒரு கார் கிடைத்தால், அதை இருக்கிறபடி விட்டுவைக்கவே மாட்டான். எதையாவது மாற்றினால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். எண்பதுகளில் கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் சின்னக் கிராணியாக இருந்தேன். (ஆபீஸில் பேர் எழுதுகிற உத்தியோகம்தான். நடை மட்டும் மானேஜர் நடை.) நான் வாங்கிய பழைய ஜப்பான் காரில் டயரை மாற்றினேன்.

காரோடு வந்த டயர்கள் 155 அளவு. என் கண்ணுக்கு அவை சைக்கிள் டயர்களாகத் தெரிந்தன. ரேஸ் கார் படங்களில் டயர்கள் மட்கார்டை விட்டுத் துருத்திக்கொண்டு நிற்குமே, அதுதான் கம்பீரம் என்பது என் எண்ணம். அக்காவின் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளையைக் கோயிலுக்கு அழைத்து வருவது பெண்ணின் தம்பிக்குள்ள உரிமை. சைக்கிள் டயரிலா அழைத்து வருவது?

டயர் கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம், ரிம்மை மாற்றாமல் 185 போட முடியுமா என்று கேட்டேன்.

"போலே லா! நேரா போனா ஒண்ணும் இல்லே," என்றார்.

முடியும் என்ற முதல் பாதி மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது வளைவுகளில் லேசாகக் கிர்ரென்றது. புது டயர் கொஞ்ச நாள் அப்படித்தான் பேசும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கல்யாணத்தன்று காலை, கெர்லிங்கிலிருந்து வந்து டவுனில் தங்கியிருந்த மாப்பிள்ளையை ஏற்றினேன். கூடவே அவருடைய அத்தை, இரண்டு சித்தப்பாக்கள், மடி நிறையத் தட்டுகள். கார் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. கிர்ரென்ற சத்தம் இப்போது நிற்கவே இல்லை.

"தம்பி, ஏதோ கருகுற வாடை வருதே?" என்றார் அத்தை.

"ரப்பர் தோட்டம்ல அத்தை, அப்படித்தான் இருக்கும்." (எங்களுடையது செம்பனைத் தோட்டம்.)

கோயிலுக்குத் திரும்பும் முடக்கு வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். டயர் மட்கார்டில் போய் முட்டிக்கொண்டு, அதற்கு மேல் திரும்ப மாட்டேன் என்றது. காரின் மூக்கு வாய்க்கால் கரையில் நின்றது. கோயில் கண்ணெதிரே. முகூர்த்தத்துக்கோ கொஞ்ச நேரம்தான். ரிவர்ஸ் கியரில் கை வைத்தேன்.

"ஐயையோ தம்பி! மாப்ள ஏறுன வண்டி பின்னுக்குப் போவக் கூடாது!" என்று அலறினார் அத்தை.

"அப்படின்னா அத்தான் எறங்கி, அந்தா இருக்கு வாசலு..."

"நல்லா இருக்கே! வாசல்ல நீ காலு கழுவி விடுறதுக்கு முந்தி மாப்ள மண்ண மிதிக்கலாமா?"

முன்னே வாய்க்கால், பின்னே சாஸ்திரம். அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் கோயில் வாசலிலிருந்து நடந்து வந்து, டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்னா கிராணி, இவ்ளோதானா? திருவிழாவுக்கு ரதத்தையே இந்த மொடக்குல தூக்கித்தான் திருப்புறோம்!"

அத்தையும் சித்தப்பாக்களும் தட்டுகளோடு இறங்கிக்கொண்டார்கள். புது வேட்டி கட்டிய ஆட்கள் ஓடி வந்து காரின் பின்பக்கத்தைப் பிடித்தார்கள். "அரோகரா!" கார் எழும்பியது. உள்ளே அத்தான், கழுத்தில் மாலையோடு, முன்சீட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். நாதஸ்வரக்காரர் இதுவும் ஒரு சடங்கு போலிருக்கிறது என்று வாசிக்க ஆரம்பித்துவிட்டார். கும்பலில் ஓர் அம்மா பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

காரை வாசலைப் பார்க்க இறக்கி வைத்தார்கள். நேராக ஓட்டிக்கொண்டு போனேன். தவுக்கே சொன்னது சரிதான், நேராகப் போனால் ஒன்றும் இல்லை.

முகூர்த்தம் தப்பவில்லை. வாசலில் கால் கழுவிவிட்டதற்கு அத்தான் எனக்கு மோதிரம் போட்டார். போடும்போது காதருகே குனிந்தார், ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "அளவு சரியா இருக்கா மச்சான்? நீ பெருசுதான் கேப்பேன்னு நெனச்சேன்." ஐயர் உட்படச் சிரித்தார்கள். அக்காவும் சிரித்ததைப் பார்த்ததும்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அடுத்த வாரமே பழைய டயர்களை மாட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் எத்தனையோ கார் மாற்றிவிட்டேன். டயரை மட்டும் தொட்டதில்லை. போன வருஷம் அக்கா மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் என்ற உரிமையில், மாப்பிள்ளையை நானே அழைத்து வருகிறேன் என்றேன். எல்லோரும் வாசலில் நின்ற என் காரின் டயரை எட்டிப் பார்த்தார்கள். அத்தான் மட்டும் முகத்தில் சிரிப்பே இல்லாமல் அக்காவிடம் கேட்டார்:

"தூக்குறதுக்கு ஆள் சொல்லியாச்சா?"