புள்ளி வச்ச மூஞ்சி

போன புதன்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. மறுநாள் முன்பள்ளியில கான்சர்ட், எல்லாரும் வாங்கன்னு தாய்மாரோட வாட்ஸ்அப் குரூப்புல என் போட்டோவோட ஒரு அறிவித்தல் போடணும். அவ்வளவுதான்.

தெஹியோவிட்டப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்துல நான்தான் முன்பள்ளி டீச்சர். பிள்ளைங்க பதினெட்டு. கூரையில ஓட்டை அதை விடக் கூட. கான்சர்ட்டுக்குப் பெரிய தொரை வர்றார், பிள்ளைங்க பாட்டுப் பிடிச்சுப்போச்சுன்னா புதுத் தகரம் குடுப்பார்னு ஆபீஸ் கிளாக்கர் சொல்லியிருந்தார். அந்தத் தகரத்த நெனச்சே ரெண்டு வாரமா பாட்டு சொல்லிக் குடுத்தேன்.

செல்ஃபி எடுத்தேன். மூஞ்சியில எண்ணெய் வடியுது. அப்படியே போட்டிருக்கலாம். கை சும்மா இருந்தாத்தானே.

போன்ல ஒரு ஆப் இருக்கு. எந்தப் போட்டோவையும் பழைய வீடியோ கேம் படம் மாதிரி கட்டம் கட்டமா மாத்திடும். நாலே நாலு கலர்தான். நிழல் வேணும்னா புள்ளி வைக்கும். இருட்டுன்னா நெருக்கி நெருக்கி, வெளிச்சம்னா தள்ளித் தள்ளி. டித்தரிங்னு பேராம். நான் கட்டினது சிவப்புச் சேலை, அதுக்குத் தோதா சிவப்புக் கலரையே தெரிஞ்சு எடுத்தேன். கன்னம் பூரா சிவப்புப் புள்ளி. அசல் கலைன்னு நெனச்சுக்கிட்டு அனுப்பிட்டேன்.

அஞ்சு நிமிசத்துல குரூப் பூரா கையெடுத்துக் கும்பிடுற படம்.

"குளிர்ச்சியா இருங்க டீச்சர்."

"கான்சர்ட்ட நெனச்சுக் கவலப்படாதீங்க. அம்மா பார்த்துக்குவா."

என் போட்டோவுக்கு யாரும் இதுவரைக்கும் கும்பிடு போட்டதில்ல. நம்ம தோட்டத்துல இவ்வளவு ரசனையான்னு கண்ணு கலங்கிடுச்சு.

காலையில போனா பள்ளியில ஒரு பிள்ளையக் காணோம். வாசல் நிலையில கொத்துக் கொத்தா வேப்பிலை. படியில ரெண்டு செவ்விளநீ.

பக்கத்து லயத்து வரிசை வீட்டுல இருக்கிற செல்வி அக்காவுக்கு கோல் எடுத்தேன். அவங்க மகதான் எங்க முதல் பாட்டுக்காரி.

"அக்கா, பிள்ளைய ஏன் அனுப்பல?"

"நீங்க ஏன் டீச்சர் வெளிய வந்தீங்க? ஆத்தா எறங்கியிருக்கிற நேரத்துல காத்து படலாமா?"

"எங்க எறங்கியிருக்கா?"

"உங்க மூஞ்சியிலதான். போட்டோவுல பார்த்தோமே. நேத்துல இருந்து நம்ம லயத்துல ஒருத்தரும் கடுகு தாளிக்கல."

எங்க பக்கம் அம்மை போட்டா அம்மைன்னு வாயால சொல்லமாட்டாங்க. மாரியாத்தா வந்திருக்கான்னு கும்பிட்டு, வேப்பிலை கட்டிட்டு ஒதுங்கிடுவாங்க. என்ன ஏதுன்னு கேக்குறது ஆத்தாவுக்கு மரியாதையில்ல. அதனாலதான் ஒருத்தரும் என்கிட்ட கேக்கல.

"அக்கா, அது போட்டோவுக்கு வச்ச புள்ளி."

"காய்ச்சல்ல அப்படித்தான் டீச்சர் பேச வரும்."

அந்த நேரம் பார்த்து தொரையோட ஜீப் வந்துச்சு. டிரைவர் வேப்பிலையப் பார்த்தார். "தெய்யங்கே லெடே, சேர்"னு சொன்னார். சிங்களத்துலயும் அது சாமியோட நோய்தான். ஜீப்பு வந்த வேகத்துலயே திரும்பிடுச்சு.

போறது ஜீப் இல்ல, என் தகரம். றோட்டு சுத்திக்கிட்டுப் போகும்னு தெரியும். சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு றப்பர் மரங்களுக்கு நடுவுல குறுக்கால ஓடினேன். கீழ் வளைவுல ஜீப்ப மறிச்சு நின்னேன். ஓடின ஓட்டத்துல மூஞ்சி செவசெவன்னு ஆகியிருந்துச்சு. டிரைவர் கண்ணாடிய இன்னும் இறுக்கி ஏத்தினார்.

எனக்கு வேற வழி தெரியல. கண்ணாடி வழியா அவரையே ஒரு போட்டோ எடுத்தேன். ஆப்ப அமுக்கினேன். அவர் மூஞ்சி பூரா சிவப்புப் புள்ளி வச்சு, போனக் கண்ணாடியில ஒட்டிக் காட்டினேன். மனுசன் பதறிப்போய்த் தன் கன்னத்தத் தடவிப் பார்த்தார்.

பின்னால இருந்த தொரை எட்டிப் பார்த்து, "மொகத மே?", என்ன இதுன்னு கேட்டார். தெரிஞ்ச சிங்களம், தெரியாத சிங்களம் எல்லாத்தையும் போட்டு விளக்கினேன். தொரை சிரிச்சு நான் பார்த்தது அன்னைக்குத்தான். "சரி டீச்சர், பிள்ளைங்களக் கூப்பிடுங்க. நான் இருக்கிறேன்"னு தமிழ்ல சொன்னார்.

ஜீப் மறுபடி பள்ளிக்கு ஏறினதப் பார்த்துத்தான் தாய்மாரும் வந்தாங்க. செல்வி அக்கா சேலைத் தலைப்ப நனைச்சு என் கன்னத்த நல்லாத் தேய்ச்சுப் பார்த்த பிறகுதான் மகள உள்ள விட்டாங்க. பிள்ளைங்க பாடினாங்க. ரெண்டு பேர் வேற பாட்டப் பாடினாங்க. இருந்தாலும் தகரம் கெடச்சிடுச்சு.

எல்லாம் முடிஞ்சு நிம்மதியா கதவைப் பூட்டும்போது செல்வி அக்கா பக்கத்துல வந்தாங்க.

"டீச்சர், ஒரு விசயம். உங்களுக்குச் சுகமானா திருவிழாவுல தீச்சட்டி எடுக்க வைக்கிறோம்னு நாங்க எல்லாரும் சேர்ந்து வேண்டிக்கிட்டோம்."

"எனக்குத்தான் வரவேயில்லையே அக்கா."

"அத ஆத்தாகிட்ட நீங்களே போய்ச் சொல்றீங்களா?"

எனக்குத் தைரியம் இல்ல. தீச்சட்டி எடுக்கிறேன்.