டிக்கெட் இல்லாமல் ஏறிய வரிகள்

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கையைக் கட்டியவன் பணிவோடு எழுதுவது. இங்கே நலம் என்று எழுதினால் அது பொய். உங்கள் முழங்கால் வலியாவது குறைந்ததா?

உங்கள் தங்கை என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை வண்டியில் உங்கள் வீட்டுக்கே வந்துவிடப் போவதாகக் குக்கரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். காரணம், சபையில் நடந்த வேத வினாடி வினா. நான்தான் நடுவர். "மோசேயின் உடலுக்காகத் தூதன் பிசாசோடு வாதாடின கதை முதலில் எங்கே வருகிறது?" என்று கேட்டேன். இவள் எழுந்து, "அது பைபிள்ல சேராத பழைய யூத எழுத்துல இருந்த கதை. பைபிள்ல இந்தக் கதையைச் சொல்ற நிருபத்தை, அதான் அந்தக் கடிதத்தை, எழுதினவர் அதைப் படிச்சிருக்கார், எடுத்துக்கிட்டார்" என்றாள். ஆயுசு முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். அதிகாரமும் வசனமும் இல்லாத பதிலை ஏற்றுவேனா? "வித்தவுட்! பூஜ்யம்!" என்று மணியை அடித்துவிட்டேன். சபையே சிரித்தது, இவளைத் தவிர.

"அப்போ நீங்களே வாசிச்சுக் காட்டுங்க" என்று எதிரணி டீச்சரம்மா கிளப்பிவிட, மோசே இறக்கும் பகுதியைப் புரட்டினேன். மலை இருக்கிறது, மரணம் இருக்கிறது, முப்பது நாள் அழுகைகூட இருக்கிறது, பிசாசை மட்டும் காணோம். போதகர் என் காதோரம் வந்து, "அம்மா சொன்னதுதான் சரிங்க. அதே நிருபத்துல ஏனோக்குங்கிற முன்னோர் சொன்னதா வர்றதும் வெளி எழுத்துல இருந்து எடுத்ததுதான்" என்றார். அப்போதே மைக்கில் சொல்லியிருக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு அடுத்த கேள்விக்குத் தாவினேன். அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

மச்சான், அவளை வர வேண்டாம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவள் பேசாத வீடு பொத்தான் அறுந்த சட்டை போலிருக்கிறது. போட்டுக்கொள்ளலாம், நாலு பேர் முன் நிற்க முடியாது. என் கோணல் தையலையெல்லாம் பிரித்துப் பிரித்து நேராக்கியவள் அவள். வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னும் அவளுடைய மார்க்கைத் திருத்தி வாசிக்கிறேன், இது உறுதி.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட உங்கள் மைத்துனன்.

பி.கு.: அண்ணா, நான்தான். உறை ஒட்டப் பசை வாங்கப் போனவர், கடிதத்தை மேசையிலேயே விட்டுட்டுப் போயிட்டார். அந்தப் பொத்தானும் தையலும் எதிர்வீட்டுத் தையல்காரர் கோவிச்சுக்கிட்டுப் போன மனைவிக்கு எழுதினது. அந்தம்மா திரும்பி வந்து அதைத் தெரு முழுக்க வாசிச்சுக் காட்டியாச்சு. இவர் பேர்கூடச் சொல்லாம எடுத்துக்கிட்டார். அந்த ரெண்டு வரியுமே வித்தவுட்தான், ஆனா இறக்கிவிட மனசு வரலை. ஞாயிறு வண்டிக்கு நான் வரலைண்ணா. இவர் மார்க்கை வாசிக்கிறப்ப முன்வரிசையில நான் உட்கார்ந்திருக்கணும்.